ஈயம் தந்த வளமும் ஈயக்குட்டை தந்த பாடமும்

பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் சாலை வழியாகவோ இரயில் வழியாகவோ பயணம் செய்வோர் இரண்டு காட்சிகளைக் காணாமல் செல்ல இயலாது. ஒன்று, அசைவற்றுக் கிடக்கும் பச்சை நிறக் குட்டைகள். மற்றொன்று, புல்லும் செழித்து வளராத வெண்மணல் வெளிகள். இவற்றை இயற்கை அமைக்கவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் மனிதன் ஈயத்தைத் தேடித் தோண்டியதன் விளைவாக உண்டானவை இவை. தீபகற்ப மலேசியாவில் இவ்வாறு தோண்டிக் கைவிடப்பட்ட நிலம் ஒரு இலட்சம் ஹெக்டருக்கும் அதிகமாகும்.

இந்நிலம் எப்படி இந்நிலையை அடைந்தது? அதனால் மக்களுக்கு நேர்ந்த தீமைகள் யாவை? கெட்ட நிலத்தை மீண்டும் நல்ல நிலமாக்க முடியுமா? மாணவச் செல்வங்களும் பெற்றோரும், மண்ணை நம்பி வாழும் தோட்டத் தொழிலாளர்களும் அறிந்துகொள்ள வேண்டிய இவ்வினாக்களுக்குரிய விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஈயம் வளர்த்த நாடு

முதலில் ஈயத்தின் பெருமையைக் கூறாமல் அதன் குறையை மட்டும் கூறுவது முறையாகாது. பேராக்கின் லாருட் பகுதியில் 1848ஆம் ஆண்டளவில் லோங் ஜாபார் என்னும் மலாய்த் தலைவர் ஈயச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினார். 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங் பகுதிக்கு ஈயம் தேடிச் சென்றவர்களால்தான் கோலாலம்பூர் நகரம் உருவாயிற்று. நம் நாட்டின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தை விரைந்து துறைமுகம் சேர்ப்பதே அதன் தலையாய நோக்கம். ஈப்போ, கம்பார், கோப்பெங், பத்து காஜா ஆகிய ஊர்கள் செழித்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தினாலேயே. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகில் தோண்டியெடுக்கப்பட்ட ஈயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டினுடையது.

உணவு அடைக்கும் தகர டப்பாக்களுக்கும், மின்கருவிகளைப் பற்றவைப்பதற்கும் ஈயம் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்ததால் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. இவ்வளவும் உண்மையே. ஆயினும் இச்செல்வத்திற்கு நிலம் கொடுத்த விலை என்ன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

ஈயம் எடுக்கப்பட்ட முறை

நம் நாட்டின் பெரும்பாலான ஈயம் பூமியின் ஆழத்தில் குடைந்து எடுக்கப்பட்டதன்று. மலைத்தொடரின் கருங்கற் பாறைகளில் இருந்த ஈயத் தாதுவை, பல இலட்சம் ஆண்டுகளாக மழை கரைத்துப் பள்ளத்தாக்குகளில் கொண்டுவந்து படியவைத்தது. ஆகவே, மேலே உள்ள காட்டையும் மண்ணையும் அகற்றிவிட்டு, கீழே உள்ள மணலைக் கழுவினாலே ஈயம் கிடைத்தது. இவ்வாறு வானம் பார்க்கத் தோண்டப்படுவதைத் திறந்தவெளிச் சுரங்கம் என்பர்.

கழுவும் முறையின் தத்துவம் நம் வீட்டுச் சமையலறையிலேயே உள்ளது. தாய்மார்கள் அரிசியை நீரில் அரிக்கும்போது, எடை குறைந்த அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்திற்குச் செல்கிறது. கனமான கல் அடியில் தங்கிவிடுகிறது. ஈயத் தாது நீரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. மணலோ ஏறத்தாழ இரண்டரை மடங்கே கனமானது. ஆதலால் ஓடும் நீரில் மணல் அடித்துச் செல்லப்பட, தாது அடியில் தங்குகிறது. வீட்டில் கல்லை எறிந்துவிட்டு அரிசியை எடுத்துக்கொள்கிறோம். சுரங்கத்திலோ அடியில் தங்குவதை எடுத்துக்கொண்டு, ஓடுவதை எல்லாம் விட்டுவிட்டனர். ஓடியது நாட்டின் மண்.

பெண்கள் டூலாங் என்னும் மரத்தட்டை ஆற்றில் சுழற்றி ஈயம் அரித்த காலமும் உண்டு. அதனால் பெருங்கேடு விளையவில்லை. மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி நீரைப் பாய்ச்சி, சரிவையே கரைத்துவிடும் 'லம்பான்' முறை கேட்டைப் பெருக்கியது. பின்னர், நீரை மிகுந்த விசையோடு பீய்ச்சிக் குழியின் சுவரைத் தகர்த்து, அச்சேற்றைக் குழாய் மூலம் உயரமான சாரத்திற்கு ஏற்றி, 'பாலோங்' எனப்படும் நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டு ஈயம் பிரிக்கும் முறை பரவியது. 1913ஆம் ஆண்டு முதல் கிந்தா பகுதியில் ஈயக் கப்பல்களும் இயங்கின. தன்னைச் சுற்றியுள்ள குட்டையில் மிதந்தபடியே முன்பக்கம் நிலத்தை வாரி, உள்ளே கழுவி, பின்பக்கம் கழிமணலைக் கொட்டிச் செல்வதே அக்கப்பலின் வேலை. 1938ஆம் ஆண்டு கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஒரு கப்பல் பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன்.

ஒரு கணக்கை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் ஆழமும் உள்ள மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் அதிகம். அவ்வளவு மண்ணைக் கழுவியும் அரைக் கிலோ தாதுகூடக் கிட்டாத சுரங்கங்கள் பல. அப்படியாயின், ஒரு டன் ஈயத்திற்காக எத்துணை மண் இடம்பெயர்ந்திருக்கும் என்பதை மாணவர்களே கணித்துக்கொள்ளலாம்.

மேல்மண்ணின் இழப்பு

தோட்டத்தில் பணிபுரிவோர்க்கு மேல்மண்ணின் அருமையை எடுத்துக் கூற வேண்டியதில்லை. இலைச்சருகும் வேரும் மக்கிக் கலந்து, புழுவும் நுண்ணுயிரும் வாழும் அந்தக் கருமண்ணே மரத்திற்கு உணவளிக்கிறது. அதன் கனம் பல இடங்களில் ஒரு சாணுக்கு மேல் இருப்பதில்லை. அது உண்டாகப் பல தலைமுறைகள் ஆகும். அதைக் காப்பதற்காகவே தோட்டங்களில் சரிவுகளைப் படிப்படியாக வெட்டுகின்றனர். இளங்கன்றுகளின் இடையே மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுகின்றனர்.

சுரங்கத்திலோ மேல்மண்ணே முதலில் அழிகிறது. கழுவிய பின் நிலம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பருமணல் ஓரிடத்தில் குவிகிறது. மாவு போன்ற நுண்களி மற்றோரிடத்தில் தேங்குகிறது. மணலில் நீர் நிற்பதில்லை. இட்ட உரமும் மழையோடு இறங்கிவிடுகிறது. நண்பகல் வெயிலில் அது சுடுகிறது. களியிலோ நீர் வடிவதில்லை. வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. மணலும் களியும் மக்கும் கலந்திருந்தபோது நல்ல மண்ணாக இருந்தது, பிரிந்தபின் இரண்டு பாழ்நிலங்களாகிவிடுகிறது.

ஆறு உயர்ந்தது, ஊர் அழிந்தது

சுரங்கத்தின் தீமை சுரங்க எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கழுவிய மண் ஆற்றில் இறங்குகிறது. நீரோட்டம் தளரும் இடத்தில் மண் படிகிறது. ஆற்றின் படுகை ஆண்டுதோறும் உயர்கிறது. படுகை உயர்ந்தால், முன்பு கரைக்குள் அடங்கிய வெள்ளம் இப்போது கரையைக் கடந்து ஊருக்குள் புகுகிறது.

இதற்குச் சான்றாக விளங்குவது சிலாங்கூர் மாநிலத்தின் பழைய கோலகுபு நகரம். 1883ஆம் ஆண்டு அக்டோபரில் ஊருக்கு மேலே இருந்த பழைய அணை உடைந்து பலர் மாண்டனர். மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்த ரேங்கிங் என்னும் ஆங்கில அதிகாரியும் அவ்வெள்ளத்தில் உயிரிழந்தார். உடைந்த அணை என்னும் பொருள்படும் 'அம்பாங் பெச்சா' என்ற பெயர் இன்றும் அவ்விடத்திற்கு வழங்கி வருகிறது. அந்த அழிவு ஒரே நாளில் வந்தது. அடுத்த அழிவோ மெல்ல மெல்ல வந்தது. மேல்பகுதியில் இருந்த ஈயச் சுரங்கங்களின் கழிமண் சிலாங்கூர் ஆற்றில் படிந்துகொண்டே இருந்தது. வெள்ளம் அடிக்கடி வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் தெருக்களில் சேற்றை விட்டுச் சென்றது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், அவ்வூரை இனிக் காப்பாற்ற இயலாது என்பது தெளிவாயிற்று. உயரமான நிலத்தில் கோலகுபு பாரு என்னும் புதிய நகரம் அமைக்கப்பட்டு, 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மக்கள் அங்குக் குடிபெயர்ந்தனர். மேலே சிலர் தேடிய செல்வத்திற்குக் கீழே ஓர் ஊரே விலையாயிற்று.

குட்டைகளில் மறைந்திருக்கும் ஆபத்து

1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈயச் சந்தை நிலைகுலைந்தது. விலை பெரிதும் சரிந்தது. நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் பலர் வேலையிழந்தனர். இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் குழிகளில் மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்தன. இவையே இன்றைய ஈயக்குட்டைகள்.

மாணவர்களே, இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஈயக்குட்டையை ஆற்றைப் போலவோ கடற்கரையைப் போலவோ எண்ணுதல் பெருந்தவறு. ஆற்றிலும் கடலிலும் பல இடங்களில் ஆழம் சிறிது சிறிதாகக் கூடும். ஈயக்குட்டையின் கரையோ நீருக்கடியில் சுவர் போல இறங்கியிருக்கும். முதல் அடியில் முழங்கால் அளவு நீர் இருக்கும். அடுத்த அடியில் தலைக்கு மேல் நீர் இருக்கும். அடியிலுள்ள நுண்களி காலைப் பற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவர்களும் இதனால் உயிரிழந்துள்ளனர். கரையும் நம்பத்தக்கதன்று. கழிமணல் திடீரெனச் சரியும். களி தேங்கிய இடம் மேலே காய்ந்து நிலம் போலத் தோன்றும். காலை வைத்தால் உள்ளே இழுக்கும்.

எனவே, குளிப்பதற்கோ மீன் பிடிப்பதற்கோ பெரியோர் துணையின்றி அங்குச் செல்லலாகாது. நண்பன் ஒருவன் நீரில் விழுந்துவிட்டால் பின்தொடர்ந்து குதிக்கலாகாது. நீண்ட கழியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். மிதக்கக்கூடிய பொருளை எறிய வேண்டும். உரக்கக் கூவிப் பெரியோரை அழைக்க வேண்டும். 999 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஒருவரைக் காக்கச் சென்று இருவர் மூழ்குவது பெருந்துயரம் அல்லவா?

பெற்றோர் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. ஈயத் தாதுவுடன் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் கலந்த கனிமங்களும் நிலத்தில் இருப்பதுண்டு. ஆதலால், குட்டை நீர் தெளிவாகத் தோன்றினாலும், சோதித்துப் பார்க்காமல் அதனைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயன்படுத்துதல் கூடாது.

கைவிடப்பட்ட குழி எத்துணைப் பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதை 1993ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பேராக்கின் பந்தாய் ரெமிஸ் பகுதியில் மக்கள் கண்டனர். கடலுக்கு மிக அருகில் தோண்டிக் கைவிடப்பட்டிருந்த ஓர் ஈயச் சுரங்கத்தின் சுவர் இடிந்து விழுந்தது. இடையிலிருந்த நிலம் முழுவதும் சரிய, கடல் உள்ளே பாய்ந்தது. அதுவரை நிலமாக இருந்த இடம் சிறு வளைகுடாவாக மாறிவிட்டது.

குவந்தானின் செம்மண்

ஈயத்தின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எனவே இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. பேராக்கின் வடகோடியிலுள்ள கிளியான் இந்தானில் திறந்தவெளி ஈயச் சுரங்கம் இன்றும் இயங்குகிறது. அண்மைக் காலத்தில் பகாங் மாநிலத்தின் குவந்தான் வட்டாரம் வேறொரு கனிமத்தால் இதே பாடத்தைக் கற்றது. அலுமினியம் செய்யப் பயன்படும் பாக்சைட் என்னும் செம்மண் அங்கு நிலத்தின் மேற்பரப்பிலேயே உள்ளது. 2014ஆம் ஆண்டு சனவரியில் இந்தோனேசியா தன் தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும், சீனத்து ஆலைகளின் பார்வை குவந்தான் பக்கம் திரும்பியது. 2013இல் இரண்டு இலட்சம் டன் அளவில் இருந்த நம் நாட்டு உற்பத்தி, 2015இல் இரண்டு கோடி டன்னையும் கடந்தது.

புக்கிட் கோ பெல்டா நிலத்திட்டத்தில் குடியேறியவர்கள் சிலர் தம் செம்பனை நிலத்தைத் தோண்டுவதற்குக் குத்தகைக்கு விட்டனர். பல ஆண்டுகள் குலை தரவேண்டிய மரங்கள் சாய்க்கப்பட்டன. ஒரே சமயத்தில் கைக்கு வந்த பணம் பெரிதாகத் தோன்றியது. ஆயினும் லாரிகள் இரவு பகலாக ஓடின, சாலைகள் பழுதடைந்தன, வீட்டுக் கூரையிலும் காயவைத்த துணியிலும் செம்புழுதி படிந்தது. 2015 டிசம்பர் இறுதியில் பெய்த கனமழையில் ஆறுகளும் கடலோரமும் செந்நிறமாயின. 2016 சனவரி 15 முதல் அரசு பாக்சைட் தோண்டுதலை நிறுத்தி வைத்தது. அந்த நிறுத்தம் பலமுறை நீட்டிக்கப்பட்டு 2019 மார்ச் இறுதி வரை நீடித்தது. இரண்டே ஆண்டு வேகத்தின் விளைவைச் சரிசெய்ய மூன்று ஆண்டு நிறுத்தமும் போதவில்லை.

கெட்ட நிலத்தைத் திருத்த முடியுமா?

முடியும். ஆனால், அதற்குப் பொறுமையும் பொருளும் வேண்டும். தைப்பிங் ஏரிப் பூங்கா கைவிடப்பட்ட ஈயக் குழிகளைக் கொண்டு 1880ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் எனப் பெயர் பெற்றிருந்த சுங்கை பெசிக் குழி, இன்று கட்டடங்கள் சூழ்ந்த ஏரியாக விளங்குகிறது. பத்து காஜாவை அடுத்த குட்டைகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டி வாழ்கின்றன.

இவற்றுள் சிறந்த சான்று கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கெப்போங் ஆகும். அங்குள்ள நிலம் ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வளமிழந்து கிடந்தது. 1920ஆம் ஆண்டுகளில் வன ஆய்வாளர்கள் அந்நிலத்தில் நம் நாட்டுக் காட்டு மரக்கன்றுகளை நட்டனர். 1929இல் ஆய்வு நிலையம் எழுந்தது. நட்டவர்கள் மறைந்தனர், கன்றுகள் காடாயின. இன்று அங்கு நுழைவோர் அதனை ஆதிகாடு என்றே எண்ணுவர். மனிதன் நட்டு வளர்த்த அக்காடு 2025ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேராக்கின் பீடோர் வட்டாரத்திலும் ஈயக் கழிமணலில் மரம் வளர்க்கும் ஆய்வை அந்நிலையத்தார் மேற்கொண்டனர். அவரை இனத்தைச் சேர்ந்த மரங்களும் கொடிகளும் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தம் வேர்முடிச்சுகளின் மூலம் மண்ணுக்குச் சேர்க்கின்றன. தோட்டத்து மூடுபயிர் செய்யும் அதே தொண்டை அவை மணல்வெளியிலும் செய்கின்றன.

எனினும், ஒரு செய்தியை மறத்தலாகாது. கெப்போங் காடாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ஈயத்தை எடுத்துப் பயனடைய ஒரு தலைமுறை போதும். எடுத்த இடத்தைத் திருத்த மூன்று நான்கு தலைமுறைகள் வேண்டும். எடுத்தவர் ஒருவர், திருத்துபவர் வேறொருவர் என்றால், திருத்தும் செலவை எவரும் கணக்கில் எழுத மாட்டார்.

வருமுன் காத்தல்

ஆகவேதான், திருத்தும் பொறுப்பைத் தோண்டும் நாளிலேயே வரையறுக்க வேண்டும் என்பது இன்றைய அறிஞர்களின் கருத்தாகும். நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பெரிய சுரங்கங்களைத் தொடங்குவதற்கு முன் அவற்றால் விளையும் கேடுகளை ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும் என்னும் விதி 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டில் கனிம மேம்பாட்டுச் சட்டமும் நிறைவேறியது.

நல்ல சுரங்கத்திற்குரிய இலக்கணம் யாது? மேல்மண்ணை முதலில் தனியே எடுத்துச் சேமித்து, வேலை முடிந்ததும் மீண்டும் பரப்ப வேண்டும். கழுவிய நீரைக் குளங்களில் தேக்கி, மண் படிந்த பின்னரே ஆற்றில் விட வேண்டும். குழியின் கரைகளைச் சரிவாக்க வேண்டும். மூட இயலாத குழிக்கு வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒரு பகுதியைத் தோண்டும்போதே முன்பு தோண்டிய பகுதியில் மரம் நட வேண்டும். இவற்றுக்கான பணத்தை இலாபம் பங்கிடப்படும் முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. தம் வட்டாரத்தில் நிலம் தோண்டப்படும்போது, "மேல்மண் எங்கே வைக்கப்படுகிறது? நீர் எங்கே விடப்படுகிறது? குழியை யார் மூடுவார்?" என்னும் மூன்று கேள்விகளை மக்கள் கேட்டுப் பழக வேண்டும். மண்ணில் உழைத்து மண்ணை அறிந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு இக்கேள்விகளைக் கேட்கும் தகுதி மற்றெவரையும்விட அதிகம் உண்டு.

மண் நமக்கு முன்னோர் விட்டுச் சென்ற சொத்து மட்டுமன்று. பின்னோரிடம் நாம் திரும்ப ஒப்படைக்க வேண்டிய பொருளுமாகும். அதை அறிந்து, பள்ளித் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணையும் வீணாக்காமல் காத்துப் பழகுவது மாணவச் செல்வங்களின் கடமையாகும்.